செவித்திறன் குறைந்த சின்னக் குழந்தையோடு சைகை ஆங்கிலம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு இரண்டு காதிலும் கடுமையான கேட்புக் குறைபாடு என்று உறுதியானபோது அவளுக்கு மூன்று மாதம். அமெரிக்காவில் இருந்தோம். கை நிறையக் காகிதங்கள் கொடுத்து அனுப்பினார்கள். அதில் பாதி சுருக்கெழுத்து. எது மொழி, எது கருவி, எது சட்டம் என்றே புரியவில்லை. இப்போது அவள் நாலாம் வகுப்பு. அதே காகிதங்களோடு வரும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறன் நிபுணர், இல்லை. படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

சைகை ஆங்கிலமும் சைகை மொழியும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு விஷயம் தெளிவானால் மீதிக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஏ.எஸ்.எல். எனப்படும் அமெரிக்கச் சைகை மொழி ஒரு முழு மொழி. அதற்கென்று சொல் வரிசை உண்டு, இலக்கணம் உண்டு. முகபாவமும், கை நகரும் திசையும், இடமும் அந்த இலக்கணத்தில் சேர்த்தி. காது கேளாதோருக்கான உயர்கல்வி நிலையமான காலடெட்டில் பணியாற்றிய வில்லியம் ஸ்டோக்கோ 1960ல் இதை மொழியியல் ரீதியாக எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பு பல அறிஞர்களே அதை வெறும் ஜாடை என்று நினைத்திருந்தார்கள்.

சைகை ஆங்கிலம் வேறு. வாயால் பேசும் ஆங்கில வாக்கியத்தை அதே வரிசையில், வார்த்தைக்கு வார்த்தை கையில் காட்டுவது. சைகைகள் பெரும்பாலும் ஏ.எஸ்.எல்.லில் இருந்து வந்தவை, இலக்கணம் ஆங்கிலத்துடையது. "த கேட் இஸ் ஸ்லீப்பிங்" என்று சொல்ல ஐந்து அசைவுகள் வேண்டும்: த, கேட், இஸ், ஸ்லீப், அப்புறம் 'இங்'. 'இஸ்' என்பதற்குச் சுண்டுவிரலை மட்டும் நீட்டி, முகவாயிலிருந்து முன்னால் கொண்டுபோக வேண்டும். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டும் விரல் எழுத்தில் சுண்டுவிரல்தான் 'ஐ'. 'இங்'குக்கும் அதே சுண்டுவிரல்தான், கையை லேசாகத் திருப்பினால் போதும். ஏ.எஸ்.எல்.லில் இதே செய்திக்குப் 'பூனை', 'தூங்கு' என்ற இரண்டு சைகையும் பூனை இருக்கும் பக்கம் ஒரு சுட்டுதலும் போதும்.

இதை எதற்காக உருவாக்கினார்கள்?

உதட்டைப் படித்து ஆங்கிலம் முழுவதையும் பிடிக்க முடியாது என்பதால். தமிழ் எழுத்தை வைத்தே இதைச் சொல்லலாம். மட்டைக்கும் 'பேட்' என்று எழுதுகிறோம், தட்டிக்கொடுப்பதற்கும் 'பேட்' என்றுதான் எழுதுகிறோம். எழுத்தில் வித்தியாசமே தெரியாது. உதட்டிலும் அப்படித்தான், அந்த இரண்டும் 'மேட்'டும் சேர்ந்து மூன்றும் ஒரே மாதிரி தெரியும். கருவி போட்டிருந்தாலும் வார்த்தைக் கடைசியில் மெல்லிசாக வரும் 'ஸ்', 'ட்' போன்ற ஒலிகள் பல குழந்தைகளுக்கு எட்டுவதில்லை. ஆங்கில இலக்கணமோ அந்த மெல்லிய வால்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பன்மை, இறந்தகாலம், 'அவனுடைய' என்ற பொருள், எல்லாம் அங்கேதான். காதுக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டினால் குழந்தை ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் வழி பிறக்கும் என்று நினைத்தார்கள்.

எத்தனை முறைகள் இருக்கின்றன? நாங்கள் எதை எடுப்பது?

1960களில் டேவிட் ஆன்டனி 'சீயிங் எசென்ஷியல் இங்கிலீஷ்' என்ற முறையைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்தது 'சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷ்'. ஜெரிலி கஸ்டசன், டோனா ஃபெட்ஸிங், எஸ்தர் ஸவோல்கோ ஆகிய மூவரும் 1972ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். கஸ்டசன் தாமே காது கேளாதவர். இன்று 'சீ' என்று சுருக்கமாகச் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். மூன்றாவது, காலடெட்டில் ஹாரி பார்ன்ஸ்டைன் குழுவினர் சின்னக் குழந்தைகளை மனதில் வைத்து உருவாக்கிய 'சைன்டு இங்கிலீஷ்'. 1983ல் வந்த அதன் விரிவான அகராதியில் 3,100க்கும் மேற்பட்ட சைகைகள் உண்டு.

வித்தியாசம் நுணுக்கத்தில் இருக்கிறது. பார்ன்ஸ்டைன் முறையில் வார்த்தையின் வால்களைக் காட்ட 14 குறிகள் மட்டுமே. ஒரு வார்த்தைக்கு ஒரு குறிக்கு மேல் கிடையாது. அதற்கும் மேலே தேவைப்பட்டால் விரல் எழுத்து. 'சீ' முறை இன்னும் கறார். முன்னொட்டு, பின்னொட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சைகை வைத்திருக்கிறது. அதோடு 'மூன்றில் இரண்டு' என்று ஒரு விதி. ஒலி, எழுத்துக்கூட்டு, பொருள் இந்த மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஒரே சைகை. அதனால் 'வலது' என்னும் 'ரைட்'டும் 'சரி' என்னும் 'ரைட்'டும் கையில் ஒன்றே. ஏ.எஸ்.எல்.லில் அவை வேறு வேறு. பிள்ளை ஓடுவது, மூக்கு ஒழுகுவது, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' என்பதால் 'சீ'யில் ஒரே சைகை. ஏ.எஸ்.எல். பேசுபவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர்கள் கண்ணுக்கு மூக்கு எழுந்து ஓடுவதுபோல் தெரியும்.

எதை எடுப்பது என்றால், உங்கள் குழந்தை போகப்போகும் பள்ளியில், விளையாட்டுக் குழுவில் எது புழங்குகிறதோ அதை எடுங்கள். அகராதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழந்தையோடு பேச இன்னும் நாலு பேர் இருப்பதுதான் முக்கியம்.

சைகை பழகினால் பேச்சு வராமல் போய்விடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி, எல்லோரும் பயத்தோடு கேட்கும் கேள்வி. எங்களிடமும் ஒரு நிபுணர், "கையை உபயோகித்தால் வாயைத் திறக்கவே மாட்டாள்" என்று சொன்னார். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. நாலு மாதம் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் அவளுக்குச் சத்தமும் சரியாக எட்டவில்லை, சைகையும் இல்லை. அவளுக்கு மொழி என்று எதுவுமே போய்ச் சேரவில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதை இரண்டு பக்கமும் சொல்கிறேன். 2017ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஆன் கியர்ஸும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை, காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்த பிள்ளைகளில் சைகை இல்லாமல் வளர்ந்தவர்கள் பேச்சிலும் வாசிப்பிலும் மேலாக இருந்ததாகச் சொன்னது. உங்கள் தெரபிஸ்ட் இதைக் காட்டலாம். அதே கட்டுரைக்கு வந்த மறுப்புகளையும் கேளுங்கள்: அந்தக் குடும்பங்களில் சைகை எவ்வளவு, எத்தனை சரளமாகப் புழங்கியது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள் என்பது முக்கியமான மறுப்பு. இன்னொரு பக்கம், 2014ல் டேவிட்சன், லில்லோ-மார்ட்டின், சென் பிக்லர் மூவரும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்தது முதல் ஏ.எஸ்.எல். பார்த்து, பிறகு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட ஐந்து குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆங்கிலம், சைகையும் பேச்சும் தெரிந்த, காது கேட்கும் பிள்ளைகளுடையதற்கு இணையாக இருந்தது. ஐந்து பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் 'சைகை பேச்சைக் கொன்றுவிடும்' என்ற பேச்சுக்கு அதுவே போதுமான பதில்.

என் முடிவு இது: சரளமான சைகை குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை. மொழியே எட்டாமல் கழியும் மாதங்கள் கெடுதல் செய்கின்றன. இம்ப்ளான்ட் எப்படி வேலை செய்யும் என்பது வைத்துச் சில காலம் ஆன பிறகே தெரியும். கைகளோ இன்றைக்கே இருக்கின்றன.

எந்த வயதில் தொடங்கலாம்?

தெரிந்த அன்றைக்கே. அமெரிக்காவில் 1-3-6 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு மாதத்துக்குள் கேட்புப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடக்கம். 1998ல் கிறிஸ்டீன் யோஷினாகா-இடானோ குழுவினர், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி, பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட நன்றாக வளர்ந்திருந்ததைக் காட்டினார்கள்.

சைகை பார்த்து வளரும் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் 'பாபா, மாமா' என்று மழலை பேசும் வயதில் கையாலேயே மழலை பேசுகின்றன. பெட்டிட்டோவும் மாரன்டெட்டும் இதை 1991ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆகவே கைக்குழந்தைக்கு இது புரியுமா என்று தயங்க வேண்டாம். தாலாட்டும்போது அதற்குப் புரியுமா என்று பார்த்தா தாலாட்டுகிறோம்?

முதலில் எந்த வார்த்தைகள்?

குழந்தைக்கு எது வேண்டுமோ அவை: பால், இன்னும், போதும், தூக்கு, விளக்கு, அப்பா, நாய்.

எங்கள் வீட்டில் முதல் வார்த்தை பால். பசுவைக் கறப்பதுபோல் ஒரு கையை மூடி மூடித் திறப்பதுதான் அதன் சைகை. புட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் சொல்லிக்கொண்டே கையால் கறப்பேன். ஐந்து வாரம் அவள் புட்டியை மட்டும் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், தொட்டிலில் மல்லாந்து கிடந்தபடி கூரையைப் பார்த்து வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறாள். யாரும் பார்க்காதபோது தனக்குத்தானே பால் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

குழந்தை ஒற்றை வார்த்தை செய்கிறது என்பதற்காக நீங்களும் ஒற்றை வார்த்தையிலேயே நிற்க வேண்டாம். சின்ன வாக்கியமாக இருக்கட்டும், ஆனால் முழு வாக்கியமாக இருக்கட்டும்.

பேசிக்கொண்டே சைகை செய்தால் பாதி விட்டுப்போகிறதே?

எல்லோருக்கும் போகிறது. காரணமும் உண்டு. 1972ல் பெல்லூகியும் ஃபிஷரும் அளந்து பார்த்தார்கள். ஒரு சைகை செய்ய, ஒரு வார்த்தை பேசுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஏ.எஸ்.எல். ஒரே அசைவில் நிறைய விஷயத்தைச் சுமப்பதால் செய்தி போய்ச் சேரும் வேகம் பேச்சுக்குச் சமமாகிவிடுகிறது. சைகை ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அது ஆங்கிலத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். வாய் முன்னே போய்விடும், கை பின்தங்கும், பின்தங்கிய கை 'இஸ்'ஸையும் 'இங்'கையும் விழுங்கும். 1979ல் மார்மரும் பெட்டிட்டோவும் வகுப்பறை ஆசிரியர்களின் கையைப் பதிவு செய்து பார்த்தபோதும் இதுதான் நடந்திருந்தது. பெரும்பாலான வாக்கியங்கள் கையில் இலக்கணப்படி முழுமையாக இல்லை.

ஆங்கில இலக்கணத்தைக் கண்ணுக்குக் காட்டத்தானே இந்த முறையே வந்தது? வால்களை விட்டுவிட்டால் குழந்தைக்குக் கிடைப்பது ஆங்கிலமும் இல்லை, ஏ.எஸ்.எல்.லும் இல்லை.

ஒரு பயிற்சி சொல்கிறேன். செல்போனை நிறுத்திவைத்து, நீங்கள் குழந்தையோடு பேசுவதை ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது "ஆர் யூ லுக்கிங் ஃபார் யுவர் ஷூஸ்?" என்று கேட்ட இடத்தில் என் கை சொன்னது "லுக், ஷூ" மட்டும்தான். கேள்வியும் இல்லை, யாருடைய செருப்பு என்றும் இல்லை. அன்றிலிருந்து வாயின் வேகத்தைக் குறைத்தேன். சாப்பாட்டு நேரம், குளியல், படுக்கைக் கதை என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை மட்டும் முழு வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன். மற்ற நேரத்தில் முக்கிய வார்த்தைக்கு மட்டும் சைகை. நாள் முழுக்க அரைகுறையாகச் செய்து களைத்துப்போவதைவிட இது எவ்வளவோ மேல். வாரம் ஒருமுறை அதே ஐந்து நிமிடப் பதிவு.

குழந்தை என் கையைப் பார்ப்பதே இல்லை. என்ன செய்வது?

காது கேட்கும் குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டே நம் குரலைக் கேட்கும். உங்கள் குழந்தை பொம்மையைப் பார்க்க வேண்டும், அப்புறம் உங்களைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. நாம்தான் காத்திருக்கப் பழக வேண்டும்.

காது கேளாத ஒரு தாய் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். முகத்தைப் பிடித்துத் திருப்பக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன முதல் விஷயம். தோளை லேசாகத் தட்டலாம், தரையைத் தட்டலாம். அதைவிட நல்லது, குழந்தை பார்க்கும் இடத்துக்கு உங்கள் கையைக் கொண்டுபோவது. படப் புத்தகத்தில் நாய் இருந்தால் அந்தப் பக்கத்தின் மேலேயே 'நாய்' சைகையைச் செய்யுங்கள். குழந்தை மடியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால், கையை முன்னால் கொண்டுவந்து குழந்தையின் உடம்பின் மேலேயே செய்யலாம். கதை படிக்கும்போது முதலில் படத்தைப் பார்க்க விட்டுவிடுங்கள், நிமிர்ந்து பார்க்கும்போது வாக்கியத்தைச் சொல்லுங்கள், திரும்பப் படத்துக்குப் போக விடுங்கள்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் முகமும் கையும் இருட்டாகிவிடும்.

சைகையைத் தப்புத் தப்பாகச் செய்கிறதே, திருத்தலாமா?

வேண்டாம். மழலைக்குத் திருத்தமா போடுகிறோம்? முஷ்டி, விரித்த கை, ஒற்றை விரல், இவை சீக்கிரம் வரும். விரலின் மேல் விரல் பின்னும் 'ஆர்' கைவடிவம் தாமதமாக வரும்; 'ஆர்' என்ற வினைச்சொல்லுக்கு அதுதான் வேண்டும். நீங்கள் சரியாகச் செய்து காட்டிக்கொண்டே இருங்கள், தானாக வரும்.

அப்படியானால் நேராக ஏ.எஸ்.எல். கற்கலாமே?

கற்கலாம், கற்கவும் வேண்டும். காது கேளாத பெரியவர்கள் பலர் சைகை ஆங்கிலத்தை விரும்புவதில்லை. அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது ஒரு குழு உட்கார்ந்து செய்த முறை, மக்கள் பேசிப் பேசி வளர்ந்த மொழி இல்லை என்கிறார்கள். அதற்குச் சாட்சியும் இருக்கிறது. 1991ல் சாமுவேல் சுபல்லா, 'சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷ்' மட்டுமே பார்த்து வளர்ந்த, ஏ.எஸ்.எல்.லைப் பார்த்தே இராத குழந்தைகளைப் பற்றி எழுதினார். யார் யாருக்குச் செய்தார் என்பதை அந்தக் குழந்தைகள், கற்றுக்கொடுத்த முறையை விட்டுவிட்டுக் கையின் திசையால் காட்டத் தொடங்கியிருந்தார்கள். யாரும் சொல்லித்தராமலே கை தனக்கு எது இயல்போ அந்தப் பக்கம் போயிருக்கிறது.

இருந்தாலும் சைகை ஆங்கிலத்தை நான் தள்ளிவிட மாட்டேன். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒரு அம்மா இன்று சாயங்காலமே பத்துச் சைகை கற்று வாக்கியத்தில் வைக்க முடியும். புது மொழியின் இலக்கணம் கைவர வருடங்கள் ஆகும். பிறகு புத்தகம் படிக்கும் வயதில், அச்சில் இருக்கும் 'வாஸ்', 'ஹேட் பீன்' போன்றவற்றைச் சுட்டிக் காட்ட சைகை ஆங்கிலம் எனக்கு ரொம்பக் கைகொடுத்தது. அன்றாடப் பேச்சுக்கும் நண்பர்களுக்கும் ஏ.எஸ்.எல்., ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துக் காட்ட சைகை ஆங்கிலம் என்று எங்கள் வீட்டில் இப்போது பிரிந்துவிட்டது. இரண்டையும் அவள் குழப்பிக்கொள்வதில்லை.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் வாய் தமிழ் வரிசையிலும் கை ஆங்கில வரிசையிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. "நாய் பூனையைத் துரத்துது" என்று சொல்லும்போது தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும். தமிழ் பேசும்போது நாய், பூனை, துரத்து என்ற முக்கிய வார்த்தைகளுக்கு மட்டும், தமிழ் வரிசையிலேயே சைகை வையுங்கள். முழுச் சைகை ஆங்கிலம் செய்யும் வேளையில் ஆங்கிலம் பேசுங்கள். தாத்தா பாட்டியும் வீடியோ காலில் முப்பது நாற்பது சைகை கற்றுக்கொள்ளட்டும். குழந்தைக்கு அவர்கள் முகமும் மொழியோடு சேர்ந்து கிடைக்கும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிறகு சைகை எதற்கு?

குளிக்கும்போது வெளிக்கருவியைக் கழற்றிவைப்பது வழக்கம். தூங்கும்போதும் கழற்றுவோம். பேட்டரி தீர்ந்துபோகும். சத்தமான கூடத்தில் கருவி இருந்தும் பேச்சு பிரியாது. அமெரிக்காவில் 2020ல் ஒன்பது மாதக் குழந்தைக்கே இம்ப்ளான்ட் வைக்க அனுமதி வந்தது. அப்படியே வைத்தாலும் அதற்கு முந்தைய ஒன்பது மாதம் இருக்கிறதே! எங்கள் நீண்ட பேச்செல்லாம் இன்றும் குளியல் தொட்டியில்தான், நுரை வழியும் கையோடு.

சட்டப்படி என்ன கேட்கலாம்?

அமெரிக்காவில் 'ஐடியா' என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் 'சி' பிரிவு பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை. அதில் தரக்கூடிய சேவைகளின் பட்டியலில் சைகை மொழிச் சேவையும் பெயர் சொல்லி இருக்கிறது. உங்கள் குடும்பத் திட்டமான ஐ.எஃப்.எஸ்.பி.யில் "பெற்றோருக்குச் சைகைப் பயிற்சி" என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குப் பிறகு, அந்தக் குழந்தைக்கென்றே பள்ளி எழுதும் கல்வித் திட்டமான ஐ.இ.பி. வரும். காது கேளாத குழந்தைக்கு அதை எழுதும்போது குழந்தையின் மொழித் தேவையையும், ஒத்த வயதுப் பிள்ளைகளோடு அதன் மொழியிலேயே நேரடியாகப் பேசும் வாய்ப்பையும் கருத்தில் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்தில் அந்த வரியை நீங்களே எடுத்துப் போடுங்கள்.

இது பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, குழந்தை தானாகச் செய்த ஒவ்வொரு புது வார்த்தையையும் தேதியோடு எழுதுங்கள். கையால் செய்தாலும் வாயால் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான். தாள் நிரம்பிக்கொண்டே போக வேண்டும். பிறகு இரண்டு வார்த்தை சேர்ந்து வர வேண்டும். ஒரு சில மாதம் தாள் அப்படியே நின்றுவிட்டால், குழந்தைமேல் குறை சொல்லாமல் உங்கள் கையின் பதிவைப் பாருங்கள், கருவியைச் சோதியுங்கள், ஏ.எஸ்.எல். தெரிந்த ஒரு பெரியவரை வீட்டுக்கு வரவழையுங்கள், குழுவிடம் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். எங்கள் தாளில் ஒன்றே முக்கால் வயதில் எழுதிய வரி இன்னும் இருக்கிறது: "இன்னும் விளக்கு". மின்சாரம் போன ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் என் கை தெரிய வேண்டும் என்று கேட்டாள்.